ஊர்க்குருவி, லெவல் 36

'உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?'

இந்தப் பழமொழியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஒருவன் முப்பது வயதைத் தாண்ட முடியாது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துக்கொண்டு ஃபர்ஸ்ட் குரூப் கேட்டால் சொல்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் பெரியப்பா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொல்வார். ஆபீஸில் இன்க்ரிமென்ட் கேட்டால் மேனேஜர் சொல்வார். இதில் ஒரு விசேஷம் கவனித்தீர்களா? சொல்கிற அத்தனை பேரும் தாங்கள் பருந்து என்ற நினைப்பில்தான் சொல்கிறார்கள். ஊர்க்குருவியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு யாரும் இந்தப் பழமொழியைச் செய்யவில்லை.

ஜப்பான்காரர்கள் 1996-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ஆகும். லெவல் 36-ல் ஆகும்.

எனக்கு இந்தச் சேதியைச் சொன்னவன் அரியலூரில் இருக்கும் என் அக்கா பையன். ஒன்பதாம் வகுப்பு. துபாயிலிருந்து வந்த அவன் சித்தப்பா ஒரு நின்டெண்டோ ஸ்விட்சைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பையன் வீட்டில் இருக்கிறான், ஆனால் இல்லை.

"மாமா, போக்கிமான் தெரியுமா?"

"பிகாச்சு தெரியும்டா. மஞ்சளா, நீளக் காதோட..."

"அது எல்லாருக்கும் தெரியும். பிட்ஜி தெரியுமா?"

பி.காம். சிலபஸில் அது கிடையாது என்றேன். டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரியாதவனை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தான். பிறகு மனசு இளகி, பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தான்.

விஷயம் இதுதான். போக்கிமான் என்பது விநோத ஜந்துக்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடுகிற விளையாட்டு. முதலில் வந்தபோது 151 ஜந்துக்கள். இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இதை உருவாக்கிய சடோஷி தஜிரி, சின்ன வயதில் டோக்கியோவின் ஓரத்தில் வயலும் குளமுமாக இருந்த இடத்தில் பூச்சி பிடித்துக்கொண்டு திரிந்தவர். நாம் பொன்வண்டை நெருப்புப்பெட்டியில் போட்டுத் தழை கொடுத்த மாதிரி. பிறகு அந்த வயலெல்லாம் கட்டடமாகிவிட்டது. பூச்சி பிடிக்கிற சந்தோஷம் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கட்டுமே என்று அவர் செய்ததுதான் இந்த விளையாட்டு.

வீட்டை விட்டுக் கிளம்பி முதல் ரோட்டில் கால் வைத்தால், புல்லுக்குள்ளிருந்து வருவது சிங்கமோ டிராகனோ இல்லை. ஒரு எலி, இல்லையென்றால் ஒரு பழுப்புக் குருவி. அந்தக் குருவிதான் பிட்ஜி. ஓர் அடி உயரம், 1.8 கிலோ எடை. ஜப்பானில் அதற்குப் 'பொப்போ' என்று பெயர். குழந்தைகள் புறாவைக் கூப்பிடுகிற சொல். ஆக, பெயரில் புறா, பார்வைக்குக் குருவி. லெவல் 18-ல் கொஞ்சம் பெரிசாகும். 36-ல் வளைந்த அலகு, முரட்டு நகம், முதுகு வரை தொங்கும் கொண்டை என்று சாட்சாத் பருந்தாகவே ஆகிவிடும். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் என்று விளையாட்டின் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நம் டவுன் பஸ் டிரைவர்கள்கூட அந்த அளவுக்குப் போகமாட்டார்கள்.

எத்தனையோ கலர் கலரான ஜந்துக்களை வரையத் தெரிந்தவர்கள், முதல் ரோட்டில் மட்டும் ஏன் இப்படி ஒரு சாதாக் குருவியை விட்டார்கள்?

முதல் காரணம், மெஷின். அன்றைய கேம் பாயின் திரை 160-க்கு 144 புள்ளி. கலர் கிடையாது. வெளிறியதிலிருந்து கறுப்பு வரை நாலே நாலு ஷேடு. அதற்குள், பார்த்த மாத்திரத்தில் 'பறவை' என்று தெரியவேண்டும். அலகு, இறக்கை, வால், கண்ணைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை, தலையில் சின்னக் கொண்டை. முடிந்தது. ஆனால், ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறார்கள். குருவி பெரிசாகப் பெரிசாகக் கொண்டைதான் நீண்டுகொண்டே போகும். கண் பட்டை மட்டும் கடைசி வரை அப்படியே இருக்கும். எவ்வளவு வளர்ந்தாலும் 'அட, நம்ம பயல்' என்று அடையாளம் தெரியவேண்டுமில்லையா? புரமோஷன் கிடைத்த மறுநாளே கண்ணும் முகமும் மாறிவிடுகிற நம் ஊர் சூபர்வைசர்கள் கவனிக்கவேண்டிய டிசைன் இது.

இரண்டாவது காரணம், பயம் போகவேண்டும். விளையாடுகிறவன் புதிது. முதல் அடியிலேயே டிராகன் வந்தால் பெட்டியை மூடி வைத்துவிடுவான். ஆகவே, சண்டை பிடிக்காத பறவை. வம்பு வந்தால் பிட்ஜி காட்டுகிற முக்கியமான வித்தை என்ன தெரியுமா? எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவுவது! நாம் பேச்சுக்குச் சொல்வதை அது நிஜமாகவே செய்கிறது. மாதக் கடைசியில் கடன்காரர் வரும் நேரம் நீங்களும் நானும் செய்கிற அதே வித்தை.

மூன்றாவது, சுமக்கவேண்டும். கொஞ்ச தூரம் விளையாடியதும் அதற்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போகவேண்டுமென்றாலும் அதுதான் தூக்கிக்கொண்டு போகும். 1.8 கிலோ குருவி ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போகிறது! ஜோசியக் கிளி நம்மைக் கவ்விக்கொண்டு திருச்சியில் இறக்கிவிடுகிற மாதிரி.

நான்காவது காரணத்தைப் பையன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

"கூட ஆறு பேரத்தான் வெச்சுக்க முடியும் மாமா. பின்னாடி நல்ல நல்லதா கிடைக்கும்ல? அப்ப பிட்ஜியத் தூக்கி பாக்ஸ்ல போட்டுருவோம்."

"பருந்தாயிடுச்சுன்னு சொன்னியேடா?"

"ஆனாலும் டிராகன் மாதிரி வருமா?"

காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரியும். ஸ்டாக்கில் ஃபைஃபோ முறை என்று ஒன்று உண்டு. முதலில் வந்தது முதலில் வெளியே. முதல் ரோட்டிலிருந்து கூட வந்த பறவைக்கு ஃபைஃபோ!

ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸில் இருந்தேன். பெயர் வேண்டாம். டேலியில் என்ட்ரி போடுகிற வேலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. எந்தப் பொருளுக்கு எத்தனை பர்சென்ட் என்று மாநிலமே விழித்துக்கொண்டிருந்த நேரம். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து படித்து, பில்லிங்கில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்து, இரண்டு வருஷம் ரிட்டர்ன் தப்பாமல் போட்டேன். மொத்த ஆபீஸையும் தூக்கிக்கொண்டு பறந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடி ரூம் அவருக்கு. நான் கோடவுனில் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு. அதாவது பாக்ஸுக்கு. போய்க் கேட்டபோதுதான் மேனேஜர், ரொம்பப் பிரியமாக, தோளில் கை போட்டு அந்தப் பழமொழியைச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்று முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றாம் மாதம் வேலையை விட்டேன். அதற்கப்புறம்தான் இப்படிப் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தது.

செல்போனில் விளையாடுகிற போக்கிமான் கோ இன்னும் மோசம். 2016-ல் வந்தது. அந்த வருஷம் டிசம்பரில் ஜியோவோடு சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. ரோட்டில் நடந்தபடியே பிடிக்கவேண்டும். பிட்ஜி எங்கே பார்த்தாலும் கிடைத்தது. ஒன்றை அடுத்த நிலைக்கு மாற்றப் பன்னிரண்டு மிட்டாய் போதும். மற்றவைக்கு இருபத்தைந்து, ஐம்பது என்று ஆகும். மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் விளையாடுகிறவருக்குப் பாயின்ட். ஆகவே, ஜனங்கள் பிட்ஜிகளைக் கூடை கூடையாகப் பிடித்து, வரிசையாக மாற்றி, பாயின்ட்டை வாங்கிக்கொண்டு, பறவைகளைப் புரொபசரிடம் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு மிட்டாய் தருவார். ஆட்குறைப்பு செய்து, ஆளுக்கு ஒரு மிட்டாய்! எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் இவ்வளவு பச்சையாக எழுதியிருக்க மாட்டார்கள்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த முதல் ரோட்டுப் பறவையை அவர்கள் ஏனோதானோ என்று வரைவதில்லை. ஒவ்வொரு புது விளையாட்டும் ஒரு புது ஊரில் நடக்கும். அந்த ஊருக்குத் தகுந்த சாதாப் பறவையைத் தேடிப் பிடித்து வரைகிறார்கள். 2006-ல் வந்ததில் ஜப்பானில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற ஒரு பறவை. நம் மைனாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். 2010-ல் கதை நியூயார்க் மாதிரி ஊரில் நடந்தது, சாம்பல் புறாவைப் போட்டார்கள். 2019-ல் இங்கிலாந்து மாதிரி ஊர். அங்கே வருகிற குட்டிப் பறவை, வளர்ந்து இரும்புக் கவசம் போட்ட அண்டங்காக்கையாக ஆகும். லண்டன் கோட்டையில் அண்டங்காக்கை வளர்க்கிறார்களே, அந்த ஞாபகம். அதோடு விட்டார்களா? அதையே ஊருக்கு டாக்ஸியாகவும் ஓட்டினார்கள். லண்டன் டாக்ஸியும் கறுப்புதானே!

பழமொழியிலிருந்துகூடப் பறவை செய்திருக்கிறார்கள். 'வெங்காயத்தாளைத் தூக்கிக்கொண்டு வாத்து வந்தது' என்று ஜப்பானில் ஒரு வழக்கு. குழம்புக்கு வாத்தும் வந்தாச்சு, கூடவே வெங்காயத்தாளும் வந்தாச்சு என்று அர்த்தம். நம் ஊரில் 'பழம் நழுவிப் பாலில் விழுந்தது' என்போமே, அதுதான். அதை அப்படியே எடுத்து, கையில் வெங்காயத்தாளோடு ஒரு வாத்தை முதல் விளையாட்டிலேயே விட்டுவிட்டார்கள். இந்தக் கணக்கில் நம்மிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது! தலையில் பனம்பழத்தோடு ஒரு காக்கா. அதன் குஞ்சு பொன் குஞ்சு. கான மயிலைப் பார்த்து ஆடுகிற வான்கோழி.

அப்போதுதான் பையனிடம் கேட்டேன். "நம்ம ஊர்ல இந்த விளையாட்டு நடந்தா, முதல் ரோட்டுல எந்தப் பறவைய விடுவ?"

முதல் ரோடு எது என்பதில் சந்தேகம் இல்லை. பெரம்பலூர் - அரியலூர் ரோடு. இந்த இரண்டு ஊர்களுக்கும் போக்கிமான் விதி அப்படியே பொருந்தும். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007-ல் திரும்பவும் தனி மாவட்டம். விளையாட்டில் ஜந்து உருமாறிக்கொண்டிருக்கும்போது 'பி' பட்டனை அமுக்கினால் பழையபடி ஆகிவிடும். பிறகு இன்னொரு லெவலில் மறுபடி மாறப் பார்க்கும். யாரோ கோட்டையில் உட்கார்ந்து 'பி' பட்டனை அமுக்கியிருக்கிறார்கள் என்பது பையனின் கண்டுபிடிப்பு.

பறவைக்கு அவன் முதலில் சொன்னது வரித்தலை வாத்து. பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்து. இமயமலையைத் தாண்டிப் பறந்து, பனிக்காலத்தில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில் வந்து இறங்கும். அந்தக் கரைவெட்டி, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது.

"அது வி.ஐ.பி.டா. சீசனுக்கு வந்துட்டுப் போயிடும். முதல் ரோட்டுப் பறவைன்னா வருஷம் பூரா டூட்டில இருக்கணும்" என்றேன்.

"அப்ப டைனோசர்?"

அதுவும் நியாயமான கேள்விதான். அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் 2009-ல் டைனோசர் முட்டைகள் கல்லாகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். பறவைகளோ டைனோசர் வம்சத்தில் ஒரு கிளையிலிருந்து வந்தவை. விளையாட்டில் நடப்பது கம்பளிப்புழு பட்டாம்பூச்சியாகிற சமாச்சாரம். ஒரே ஜென்மத்து உருமாற்றம். நிஜப் பரிணாமம் கோடிக்கணக்கான வருஷம் எடுத்துக்கொள்ளும். ஆனால், நடந்திருக்கிறது. குருவி பருந்தாகுமா என்று கேட்டவர்கள் யாரும் இந்த ஆதி சமாச்சாரத்தை யோசிக்கவில்லை. டைனோசர் கூட்டத்தில் ஒன்று சிறுத்துச் சிறுத்துத்தான் குருவி ஆகியிருக்கிறது!

போன மே மாதம் பையனைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறினேன். ஜன்னலோரம் அவன். பறவை தேர்வு அங்கேயே நடந்தது. மைனா வந்தது. "ஜப்பான்ல வெச்சுட்டாங்க மாமா." புறா. "நியூயார்க்." காக்கா. "லண்டன்ல டாக்ஸி ஓட்டுது." தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, வேலியோரம் ஒரே கூச்சல். "இது தனியா வராது. ஒண்ணப் பிடிச்சா மொத்தக் குடும்பமும் வரும்." பனங்காடை ஒன்று ஒயரிலிருந்து எழும்பி நீல இறக்கையை விரித்தது. பையன் வாயைப் பிளந்தான். பிறகு தலையை ஆட்டினான். "ரொம்ப அழகா இருக்கு. முதல் ரோட்டுக்கு ஆகாது."

பேரளிப் பக்கம் பஸ் நின்றது. முன்னால் சிமென்ட் லாரிகள் வரிசை. சோளக் காட்டோரம் கரண்டு ஒயரில் ஒரு கரிச்சான். இரட்டைவால் குருவி என்போமே, அதுதான். நீங்கள் ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். உடம்பு முழுக்கக் கறுப்பு. வால் மட்டும் மீன் வால் மாதிரி பிளந்திருக்கும். எடை ஐம்பது கிராம் இருந்தால் அதிகம். கேம் பாய்க்கு நாலு ஷேடு வேண்டும். இதற்கு ஒன்றே போதும்.

அந்த நேரம் பருந்து ஒன்று தாழ வட்டமிட்டு வந்தது. எடையில் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். பக்கத்து வேம்பில் கரிச்சானின் கூடு இருந்திருக்கவேண்டும். ஒயரை விட்டு விர்ரென்று எழும்பியது பாருங்கள். பருந்துக்கு மேலே போய், அங்கிருந்து அதன் முதுகில் இறங்கி ஒரு கொத்து. பருந்து திரும்புவதற்குள் மறுபடி மேலே. மறுபடி ஒரு கொத்து. இரண்டு, மூன்று, நாலு. பருந்து இறக்கையைப் பலமாக அடித்துக்கொண்டு, ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்த ஆபீஸர் மாதிரி, சோளக் காட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. கரிச்சான் அதே ஒயரில், அதே இடத்தில் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது.

கூடு கட்டுகிற காலத்தில் கரிச்சானுக்கு இது தினசரி வேலை. காக்காவையும் விடாது, பருந்தையும் விடாது. சில சின்னப் பறவைகள் கரிச்சான் இருக்கிற மரமாகப் பார்த்துக் கூடு கட்டுவதுகூட இந்தத் தைரியத்தில்தான். வாடகை இல்லாத வாட்ச்மேன்.

பையன் மடியிலிருந்த ஸ்விட்சை மறந்துவிட்டான்.

"மாமா! இதுதான் முதல் ரோட்டுக்கு!"

"எந்த லெவல்ல பருந்தாகும்?" என்றேன்.

அவன் என்னை மறுபடியும் அந்த டெபிட்-கிரெடிட் பார்வை பார்த்தான்.

"எதுக்கு மாமா ஆகணும்? அதான் பருந்தையே தொரத்துதுல்ல? இதுக்கு எவல்யூஷனே கிடையாது. முட்டையிலேர்ந்து வர்றப்பவே ஃபைனல் ஃபார்ம்."

லாரிகள் நகர்ந்தன. கண்டக்டர் விசில் கொடுத்தார். பையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான், நான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கிற வரைக்கும்.

நாளைக்கு டீ குடிக்க வெளியே வரும்போது, ஆபீஸுக்கு எதிர் ஒயரைக் கொஞ்சம் பாருங்கள் ஸார். பிளந்த வாலோடு கறுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் இரண்டு நிமிஷம் நின்று பார்க்கலாம், தப்பில்லை. அதற்குள் மேனேஜர் தேடினால் பயப்படாதீர்கள். கண்ணில் மண்ணைத் தூவுகிற வித்தைதான் நமக்கு ஏற்கெனவே தெரியுமே!